களர் நிலமும் நேர்மின் அயனிகளும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் மேற்கே மலையடிவாரத்தில் செம்மண் மிகுதி. கிழக்கே சாத்தூர்ப் பக்கம் செல்லச் செல்லக் கரிசல் மிகுதி. இவ்விருவகைப் பூமிகளிலும், வடிகால் இல்லாத தாழ்ந்த இடங்களிலும், உப்புக் கிணற்று ஜலம் பாயும் இடங்களிலும் பயிர் ஏறாத திட்டுகள் உண்டாகக்கூடும். அவற்றுள் சில, நல்ல ஜலம் கட்டி வடித்தால் திருந்திவிடும். வேறு சில, எவ்வளவு ஜலம் கட்டினும் திருந்தாமல் முன்னிலும் இறுகிப்போகும். முன்னதை உவர் என்றும் பின்னதைக் களர் என்றும் விவசாய சாஸ்திரம் பிரித்துக் கூறுகிறது. இவ்வேற்றுமையின் காரணத்தை அறியாமல் செலவு செய்யும் குடியானவருக்குப் பணமும் போய் நிலமும் கெடும்.

அயனி என்பது யாது?

ஒவ்வோர் அணுவிலும் நேர்மின் துகள்களும், எலெக்ட்ரான் எனப்படும் எதிர்மின் துகள்களும் சம எண்ணிக்கையில் உள்ளன. சோடியம் அணுவில் அவை 11 வீதம் இருக்கும். அது ஓர் எலெக்ட்ரானை இழந்தால் நேர்மின் ஒன்று மிகுந்து நிற்கும். இவ்வாறு மிகுந்து நிற்பதே நேர்மின் அயனி. சுண்ணாம்பின் மூலப்பொருளாகிய கால்சியம் இரண்டு எலெக்ட்ரான்களை இழப்பதால் அதன் அயனிக்கு நேர்மின் இரட்டிப்பாகும். அணுக்கூட்டமும் நேர்மின் அயனியாகலாம். அம்மோனியா ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று அம்மோனியம் அயனியாவது இதற்கு உதாரணம். உப்புக்கள் ஜலத்தில் கரைந்தவுடனே அயனிகளாய்ப் பிரிகின்றன என்னும் கொள்கைக்காக ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் 1903-ல் நோபல் பரிசு பெற்றார்.

மண் அயனிகளைப் பிடிக்கும் விதம்

களிமண் துகள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின் உடையது. ஆகையால் அது நேர்மின் அயனிகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இச்சக்தி செம்மண்ணைவிடக் கரிசலில் மிகவும் அதிகம். எனினும் இப்பிடிப்பு நிரந்தரமன்று. ஓர் அயனி வந்தால் மற்றொன்று இடம் விட்டு விலகும். 1850-ல் இங்கிலாந்தில் தாமஸ் வே என்பவர் அம்மோனிய உப்புக் கரைசலை மண் வழியே வடித்தபோது, அம்மோனியம் மண்ணில் தங்கிற்று; வடிந்த ஜலத்தில் அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து வந்தது. அம்மோனியம் சல்பேட் உரம் ஒரு மழையிலேயே கரைந்தோடிவிடாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

களர் உண்டாவது எப்படி?

துகள்களின் மேல் கால்சியம் நிறைந்திருந்தால் அவை ஒன்றுகூடிச் சிறு கட்டிகளாகும். இடையே காற்றும் ஜலமும் புகும். சோடியம் நிறைந்திருந்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஈரத்தில் குழம்பாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆவது இதனாலேயே. சோடியம் பைகார்பனேட் மிகுந்த கிணற்று ஜலத்தை நெடுநாள் பாய்ச்சினால், மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்புக் கல்லாய்ப் படிந்துவிடும். காலியான இடத்தைச் சோடியம் பிடிக்கும்.

உவர் நிலத்தில் உப்பு, மண்ணிலுள்ள ஈரத்தில் கரைந்து தனித்திருக்கிறது. ஆகவே ஜலத்தோடு வெளியேறும். களர் நிலத்திலோ சோடியம் துகளோடு ஒட்டியிருக்கிறது. வெறும் ஜலம் அதை நீக்காது. தனித்திருந்த சிறிது உப்பும் கழுவப்பட்டபின் துகள்கள் இன்னும் பிரிந்து மண் மேலும் அடைபடும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் மழை ஜலம் ஊற்றி, சந்தேகமுள்ள மண்ணை ஒவ்வொரு பிடி கலக்குக. ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம் தூள் இட்டு, இரண்டையும் கலக்கி அசையாமல் வைக்க. மறுநாள் ஜிப்சம் இட்டது தெளிந்து, மற்றது கலங்கியே நின்றால் அது களர் என்று சந்தேகிக்க வேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் அதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

பரிகாரம்

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதன் கால்சியம் அயனி ஒன்று, துகளிலிருந்து இரண்டு சோடியம் அயனிகளைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த சோடியம், சல்பேட்டுடன் ஜலத்தில் கரைந்து வெளியேறும். 100 கிலோ தூய ஜிப்சம் அதிகபட்சமாகச் சுமார் 27 கிலோ சோடியத்தைப் பெயர்க்கவல்லது. ஏக்கருக்கு எவ்வளவு வேண்டுமென்பதைப் பரிசோதனை முடிவே சொல்லும்; அண்டை வயலின் அளவைப் பின்பற்றுவது தவறு.

நிலத்தைச் சிறு பாத்திகளாக்கி வரப்பு உயர்த்தி, மேலாக உழுது, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, நல்ல ஜலத்தைக் கட்டி ஒரு நாள் கழித்து வடிக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்க. பின்பு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அது மக்கும்போது உண்டாகும் கரியமிலவாயு, மண்ணில் படிந்துள்ள சுண்ணாம்பைக் கரைத்து மேலும் கால்சியத்தை விடுவிக்கும்.

வடிகால் வெட்டாமல் ஜிப்சம் இடுவதால் பயனில்லை. பெயர்ந்த சோடியம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, ஜலம் வற்றியதும் மீண்டும் துகள்களைப் பற்றும். வடியும் உப்பு ஜலத்தைக் கண்மாயிலோ பிறர் வயலிலோ விடலாகாது. அது ஒருவர் களரை ஊரார் களராக்கும். ஆகையால் அண்டை நிலத்தார் கூடிப் பொது வடிகால் ஒன்றை முதலில் வெட்டிக்கொண்டு, அதன் பின்னரே ஜிப்சம் வாங்குவது உசிதம்.