போர்டு கேம் அச்சடிக்க பர்சனல் லோனா? கொஞ்சம் பொறுங்க

மஹிந்திரா சிட்டியில வேலை பார்க்கிற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். 2022-ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ பார்க்கப் போனாராம். அன்னைக்குப் பிடிச்ச ஆசை, இப்போ ஈசிஆரை வச்சே ஒரு போர்டு கேம் டிசைன் பண்ணிட்டார். "அண்ணா, 1000 பெட்டி அடிக்க 4 லட்சம் ஆகும். பர்சனல் லோன் போடலாமா?"

கணக்கைப் போட்டுப் பார்த்துடுவோம். எம்ஆர்பி 999 ரூபாய். கடைக்காரர் 40% எடுத்துக்கிட்டா நமக்கு வர்றது 599. அதுல ஜிஎஸ்டி 5% (2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி 12%). அது போக 570. பேக்கிங், கூரியருக்கு 60 போனா கையில நிக்கிறது 510. அச்சடிக்க 400 செலவு, அப்போ பெட்டிக்கு 110 ரூபாய் லாபம், 1000 பெட்டிக்கு 1,10,000. நல்லாத்தானே இருக்கு?

இப்போ லோனைச் சேருங்க. 4 லட்சம், 14% வட்டி, 3 வருஷம். இஎம்ஐ சுமார் 13,670. மொத்த வட்டி மட்டுமே 92,000 ரூபாய். அதாவது 965 பெட்டி வித்தாத்தான் கடனே அடையும். மிச்சம் 35 பெட்டிதான் உங்களோடது. அதுவும் மாசம் தவறாம 27 பெட்டி வித்தா! விக்காத மாசம் இஎம்ஐ சம்பளத்துலதான் கை வைக்கும். பெட்டியெல்லாம் கட்டிலுக்கு அடியில.

சென்னையில வினிதா சித்தார்த்தா 2002-ல தொடங்கின க்ரீடா, பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் மாதிரி நம்ம பழைய ஆட்டங்களைத்தான் பெட்டியில போட்டு விக்குது. அந்த ஆட்டங்களை நம்ம பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாம் ஆடி ஆடி டெஸ்ட் பண்ணி முடிச்சுட்டாங்க. உங்க கேமை யாரு பண்ணினாங்க? ரூம்மேட் நாலு பேரா? அவங்க "சூப்பர் மச்சி"ன்னுதான் சொல்வாங்க.

ஆடு புலி ஆட்டத்தையே பாருங்க. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. தரையில சாக்பீஸ் கோடு, காய்க்குக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும். செலவு பூஜ்யம். ஆனா ரெண்டு பக்கமும் பலம் வேற வேற. ஆட்டம் இழுத்துப் பிடிச்சு உட்கார வைக்கும். உங்க கேமும் முதல்ல வெள்ளைப் பேப்பர்லயும் கூழாங்கல்லுலயும் நிக்கணும். உங்களைத் தெரியாத ஆளுங்க கையில ரூல்ஸ் தாளை மட்டும் கொடுத்துட்டு, வாயைத் திறக்காம ஓரமா உட்காருங்க. (கஷ்டம்தான்.) அவங்களே "இன்னொரு தடவை ஆடலாமா?"ன்னு கேட்டாத்தான் அடுத்த கட்டம். அதுவும் டிஜிட்டல் பிரஸ்ல 40 பெட்டி. ஒண்ணுக்கு 700 ஆனாலும் 28,000-ல முடியும், சேமிப்புல இருந்தே போடலாம்.

வேலையை விடாதீங்க. கேட்டான் கேமை உருவாக்கின கிளாஸ் டாய்பர் ஜெர்மனியில பல் லேப் வச்சிருந்தவர். 1995-ல கேட்டான் வந்து சக்கைப்போடு போட்டும், சில வருஷம் கழிச்சுத்தான் லேபை விட்டார்.

"ஐடியாவுக்கு பேட்டன்ட் எடுத்துத் தர்றோம்"னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. கேம் ஆடுற முறைக்கு இந்திய பேட்டன்ட் சட்டத்துல பேட்டன்ட் கிடையாது. ரூல்ஸ் எழுதின விதம், படங்களுக்கு காப்பிரைட், பேருக்கு டிரேட்மார்க். முதல்ல உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளி வேலை கூடாதுன்னோ, நீங்க உருவாக்கிறது கம்பெனிக்குச் சொந்தம்னோ ஒரு வரி இருக்கலாம்.

வித்து வர்ற லாபம் பிசினஸ் வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது. பிசினஸ் வருமானம் இருந்தா பழைய வரி முறை, புது வரி முறைன்னு வருஷா வருஷம் மாறவும் முடியாது. 80சி, எச்ஆர்ஏ-ன்னு பழைய முறையில இருக்கிறவங்க இதை முன்னாடியே யோசிங்க.

தம்பி லோன் போடலை. போன ஞாயிறு மறைமலை நகர்ல ஒரு ஹாஸ்டல்ல அட்டையும் சோடா மூடியும் வச்சு ஆட விட்டாராம். ரெண்டாவது ரூல்லயே எல்லாரும் மாட்டிக்கிட்டாங்களாம். இப்போ அதைத் திருத்தி எழுதிட்டு இருக்கார்.