விண்ணில் நில்லாத வெடிகுண்டு

நுழையும்முன்
உயரத்தில் நிற்பவனே வெல்வான் என்பது கோட்டை கட்டிய காலத்து நம்பிக்கை. விண்வெளிக் காலம் பிறந்ததும் அந்நம்பிக்கை செயற்கைக்கோளின்மீது ஏறி அமர்ந்தது. அங்கு அது பொருந்துமா?

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அச்சிறு கோளில் ஆயுதம் ஏதுமில்லை. ஆயினும் அமெரிக்கர் பலர் அண்ணாந்து பார்த்து அஞ்சினர். இன்று வானொலிக் கருவியை ஏற்றியவர்கள் நாளை அணுகுண்டை ஏற்றமாட்டார்களா? வேண்டும்போது அதனைக் கீழே நழுவவிடமாட்டார்களா?

‘நழுவவிடுதல்’ என்னும் சொல்லில்தான் பிழை இருக்கிறது. காம்பிலிருந்து விடுபட்ட மாங்காய் தரையில் விழும். செயற்கைக்கோளிலிருந்து விடுபட்ட பொருளோ அவ்வாறு விழாது. 400 கி.மீ. உயரத்தில் கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, அதிலிருந்து பிரியும் பொருளுக்கும் அதே வேகம் உண்டு. ஆகவே அதுவும் கோளின் அருகிலேயே புவியைச் சுற்றிக்கொண்டிருக்கும். (விண்வெளி வீரர் கலத்தைவிட்டு வெளியே வந்து பணிபுரியும்போது கீழே விழாதிருப்பதும் இதனாலேயே.) குண்டைத் தரைக்குக் கொணர, அதன் வேகத்தைக் குறைக்கும் ராக்கெட்டும் வளிமண்டல வெப்பத்தைத் தாங்கும் கவசமும் உடன்செல்ல வேண்டும்.

அடுத்த இடர், காலம். கோள் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 92 நிமிடம் ஆகும். அதற்குள் புவி 23 பாகை சுழன்றுவிடுவதால், கோளின் அடுத்த சுற்று நிலநடுக்கோட்டில் சுமார் 2,500 கி.மீ. மேற்கே தள்ளி அமையும். குறித்த நகரம் பாதைக்கு அடியில் வரும்வரை பல மணிநேரம் காத்திருக்க நேரிடும். நிலத்தடியில் நிற்கும் ஏவுகணையோ சுமார் அரைமணி நேரத்தில் கண்டம் கடக்கும். அது பழுதுற்றால் பொறியாளர் இறங்கிச் சீர்செய்யலாம். விண்ணிலுள்ள குண்டைச் சீர்செய்ய யார் செல்வது?

சோவியத் ஒன்றியம் ஒரு குறுக்குவழி கண்டது. ஆயுதத்தைப் புவிச்சுற்றுப் பாதையில் ஏற்றி, ஒரு சுற்று முடியுமுன்பே கீழிறக்கும் ஏவுகணையை 1969இல் பணியில் நிறுத்தியது. வடதிசை நோக்கிய அமெரிக்க ரேடார்களை ஏமாற்றித் தெற்கிலிருந்து தாக்குவதே நோக்கம். எனினும் அதன் குறி துல்லியமற்றது. 1980களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது.

விண்ணிலேயே குண்டு வெடித்தால் என்னாகும் என்பதற்கும் சான்றுண்டு. 1962 சூலை 9 அன்று பசிபிக் பெருங்கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் குண்டொன்றை அமெரிக்கா வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ 1,450 கி.மீ. தொலைவிலிருந்த ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் சில அணைந்தன. வெடிப்பால் எழுந்த கதிர்வீச்சு, அமெரிக்காவின் டெல்ஸ்டார் உள்ளிட்ட கோள்களைப் பழுதாக்கியது. எய்தவரின் உடைமையும் தப்பவில்லை.

பேரழிவு ஆயுதங்களைப் புவியைச் சுற்றும் பாதையில் வைப்பதைத் தடைசெய்யும் விண்வெளி உடன்படிக்கை 1967 சனவரி 27 அன்று கையெழுத்தாயிற்று. வல்லரசுகள் இசைந்ததற்கு நல்லெண்ணம் மட்டுமே காரணமன்று. பயன் குறைந்த ஆயுதத்தைத் துறப்பது எளிது.

ஆயினும் அவ்வுடன்படிக்கை அணு உலைகளைத் தடுக்கவில்லை. யுரேனிய உலையைச் சுமந்த காஸ்மாஸ் 954 என்னும் சோவியத் வேவுக்கோள் கட்டுப்பாடிழந்து, 1978 சனவரி 24 அன்று கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைப் பனிவெளியில் மாதக்கணக்கில் தேடிப் பொறுக்கினர். கனடா 60 இலட்சம் டாலர் இழப்பீடு கோரியது; 1981இல் 30 இலட்சம் பெற இசைந்தது.