மாரியைக் கேட்டுச் செடி வாங்குங்கள்

கண்ணூறுக்கென்று வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். சில வேளை நுனி மேல்நோக்கி வளைந்து குருத்தும் விடும். அதே கற்றாழையை ஓட்டையில்லாத சாடியில் நட்டு ஐப்பசி மழையில் விட்டுவிட்டால், கார்த்திகை முடிவதற்குள் அடித்தண்டு கூழாகிவிடும். யாழ்ப்பாணத்தில் சதைப்பற்றுச் செடிகளைச் சேர்க்க விரும்புகிறவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். “வறண்ட ஊர்தானே, கள்ளியினம் எதுவும் வளரும்” என்ற கணக்கு பாதிதான் சரி. வற்றாத ஆறில்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சோளகம் அடித்துக் காயவைக்கும் மாதங்களில் வாடி நிற்கும் செடி பிழைத்துக்கொள்ளும். சாவு பெரும்பாலும் மாரியில்தான் வருகிறது. ஆகவே தண்ணீரில்லாமல் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டு வாங்குவதில் பயனில்லை. அதை எல்லாச் சதைப்பற்றுச் செடியும் செய்யும். ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும், இரவுச் சூட்டில் பிழைக்குமா என்பவைதான் தெரிவு செய்யும் கேள்விகள்.

இந்தக் கேள்விகளில் முதலில் தோற்பது, சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் உறவுகள் படம் அனுப்பி ஆசையைக் கிளப்பும் செம்பர்விவம். அல்ப்ஸ் மலைப் பாறையிடுக்கில் தானாக வளரும் செடி அது. ரோசாப்பூப் போல அடுக்கடுக்கான இலை, ஒரு வகையில் இலை நுனிகளுக்கிடையே சிலந்தி வலை போன்ற வெள்ளை நூல். பனிக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தும் சாகாது. இவ்வளவு வன்மையான செடி இங்கே ஏன் நிற்காது? இத்தகைய செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்துச் சேமிக்கும். அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். வைகாசி இரவில் நமக்கே வியர்க்கிறது. மலைச்செடியோ பகலில் சேர்த்த மாப்பொருளை இரவில் மூச்சுவிட்டே தீர்த்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் வைத்து எடுக்கலாமே என்பார்கள். அங்கே குளிர் உண்டு, வெளிச்சம் இல்லை. நுவரெலியாவில் இதே போல அடுக்கிலை கொண்ட எச்செவேரியா நன்றாகத்தானே வளர்கிறது என்றும் கேட்கலாம். அது கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். அங்கே இறுகி நின்ற செடி இங்கே நெட்டையாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் மலைச்செடி வளர்ப்போரிடம் கற்க ஒன்று உண்டு. தாழ்நிலத்து ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர்காலத்தில் இச்செடிகளுக்கு மேல் ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வைப்பார்கள். குளிரைத் தடுக்க அல்ல, மழையைத் தடுக்க. செடியை விட்டுவிட்டு அந்த உத்தியை மட்டும் இறக்குமதி செய்வோம்.

நம் வெயிலுக்கு ஏற்றதில் அழகும் வேண்டுமென்றால் அடினியம்தான். ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் பிறந்தது. நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரத்தைப் போல அடிமரத்தில் தண்ணீர் சேர்த்து, கஷ்டகாலத்தில் இலையைக் கொட்டிவிடும். பருத்த அடி வேண்டுமென்றால் விதையில் முளைத்த கன்று. நினைத்த நிறப் பூ வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று. வாங்கும்போது அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். வெறுமனே சுருங்கியிருந்தால் தண்ணீர் விடத் தேறும், பிசுபிசுத்தால் தொடவேண்டாம். பால் நஞ்சு, பிள்ளைகள் கவனம். குருமணலும் ஓட்டுச் சல்லியும் அதிகமாக, எரு கொஞ்சமாகக் கலந்த சாடி போதும். தும்புச்சோறு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மாரியில் அது எமன். கடற்கரை மணலென்றால் உப்புப் போகக் கழுவ வேண்டும். ஐப்பசியில் சாடியை விறாந்தைக்கு இழுத்துவிடுங்கள். அதுதான் நமது கண்ணாடிப் பலகை.

இழுத்து வைக்க ஆளில்லாத வீடுகளுக்கு அடினியம் சரிவராது. அவர்கள் மருளையும் பிரண்டையையும் நடலாம். இவை வேலியோரச் செடிகள், சேகரிப்பில் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மருளின் இலையைக் கிட்ட வைத்துப் பார்த்ததில்லை: கரும்பச்சையில் வெளிர்ப்பட்டைகள் குறுக்கே அலையலையாக ஓடும். தாவரவியற் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. பிரண்டையோ வேலியில் ஏறும், துவையலுக்கும் ஆகும். கிணறு உவரான தீவகத்து வளவுகளில் இவற்றையும் விட வங்காரவள்ளை பொருத்தம். உப்பே அதற்குப் பழக்கம். நாகதாளியை மட்டும் வேண்டாம் என்பேன். அதன் பரவலை அடக்கவே பிரித்தானியர் காலத்தில் கொச்சினீல் பூச்சியை இலங்கைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

எதை வாங்கினாலும் தை பிறந்த பிறகு வாங்குங்கள். நாற்றுமேடையில் கூரைக்குக் கீழ் மினுங்கும் செடியை விட்டு, வெளியே மாரி முழுக்க நனைந்தும் அடி கல்லாய் நிற்கும் செடியைக் கேளுங்கள். இலை நாலு குறைவாக இருக்கும், விலையும் பெரும்பாலும் அப்படித்தான்.