தடிமன் அல்ல, கம்பிக் கட்டு

குண்டுவெடிப்பைத் தாங்கும் கான்கிரீட் கட்டடம் வேண்டுமானால் தூண், சுவர் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு தடிமனாக்க வேண்டுமா? செலவு எகிறிவிடாதா?
– சிவில் மாணவி, திருச்சி

எகிறாது, கவலை வேண்டாம். காசை எங்கே போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில், ஒன்பது மாடி மர்ரா அரசுக் கட்டடத்தின் வாசலில் லாரி குண்டு வெடித்தது. 168 பேர் இறந்தார்கள். வெடிப்பு நேரடியாக நொறுக்கியது ஒரு தூணைத்தான். பக்கத்துத் தூண்கள் இரண்டு முறிய, மேல்மாடித் தூண்களைச் சுமந்த மூன்றாம் தளத்துப் பெரிய பீம் பிடிமானம் இழந்தது. கட்டடத்தில் ஏறக்குறைய பாதி சரிந்தது. பலரைக் கொன்றது அந்தச் சரிவுதான். நிலநடுக்கப் பகுதிகளில் கட்டுவதுபோல் கம்பி கட்டியிருந்தால் சேதம் பெருமளவு குறைந்திருக்கும் என்றது பின்னர் நடந்த ஆய்வு.

ஆகவே தூணில் ரிங்குகளை நெருக்கமாகப் போடுங்கள். கொக்கி 135 டிகிரி வளைந்து கான்கிரீட்டின் உள்ளே போகட்டும். பீமின் அடிக்கம்பியைத் தூணோடு நிறுத்தாமல் தொடர்ந்து ஓட்டுங்கள். ஒரு தூண் போனால், அதுவரை மேல்கம்பி இழுபட்ட இடத்தில் அடிக்கம்பிதான் இழுபடும். வெடி அலை தளத்தைக் கீழிருந்தும் தூக்கும் என்பதால் ஸ்லாபுக்கு மேல்கம்பியும் அவசியம்.

எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு தூரம். தூரம் இரு மடங்கானால், அதே அழுத்தத்தைத் தர எட்டு மடங்கு வெடிமருந்து தேவை. வரைபடத்தில் முதலில் வாகன நிறுத்தத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு நிலநடுக்கத்துக்கேற்பக் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐஎஸ் 13920-ஐக் கையில் எடுங்கள்.