மணியைத் தேர்ந்தெடுக்கும் கை

பாலராமபுரம் என்றவுடன் கைத்தறி வேட்டியும் சரிகைக் கரையுமே நினைவுக்கு வரும். மன்னர் பாலராமவர்மரின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், அவர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் தறித்தொழிலை நிலைபெறச் செய்தன. அதே நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து தெற்கே நாகர்கோவிலை அடைந்தால், வடசேரியில் வேறொரு கைத்தொழிலைக் காணலாம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறும் வரை இவ்வூர்கள் யாவும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. (உறவுகளும் சந்தைகளும் அந்த எல்லையை இன்றும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.)

வடசேரியில் உருவாவது கோயில் நகை. வெள்ளித் தகட்டைத் தட்டி, வடிவமாக வெட்டி, கல் அமர வேண்டிய இடங்களைச் சுற்றிச் சிறு விளிம்புகளைப் பற்றவைக்கின்றனர். உட்குழியில் அரக்கை நிரப்பி, அது சூட்டில் இளகியிருக்கும்போது கெம்புக் கற்களைப் பதிக்கின்றனர். கற்களின் இடைவெளியை மெல்லிய பொன் தகட்டால் அழுத்தி மூடுகின்றனர். 'கெம்பு' என்பது சிவப்பைக் குறிக்கும் கன்னடச் சொல். அன்னமும் மயிலும் தாமரையும் மாங்காயும் இந்நகைகளில் மீண்டும் மீண்டும் வரும். ஓரங்களில் முத்துகள் தொங்கும். ஒரே அளவுக் கற்களைப் பொறுக்கி வரிசைப்படுத்துவதற்கே மிகுந்த பொறுமை வேண்டும். ஒரு கல் சற்றே உயர்ந்திருந்தாலும் வரிசை கோணலாகத் தெரியும்.

தெய்வத் திருமேனிகளுக்கெனச் செய்யப்பட்ட இந்நகைகள் பின்னர் நாட்டிய மேடைக்கும் வந்தன. பரதநாட்டியக் கலைஞரின் தலையில் வலப்புறம் சூரியப்பிரபையும் இடப்புறம் சந்திரப்பிரபையும் ஒளிர்கின்றன. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும், அழைப்பிதழில் ஆடுபவரின் பெயர் இருக்கும். பாடுபவரின் பெயரும் இருக்கும். நகை செய்தவரின் பெயர் இராது. அச்சில் வார்த்த போலி நகைகள் மலிவாகக் கிடைக்கும் காலத்தில், கையால் செய்பவர் தம் பிள்ளைகளை இத்தொழிலுக்கு அழைக்கத் தயங்குவது இயல்பே.

அப்படியாயின் இக்கலை இனி யாரிடம் சேரும்? குடும்ப வழியில் வாராதவருக்கும் ஒரு வாயில் உண்டு. அது மணி கோத்தல். அதற்குப் பட்டறை வேண்டியதில்லை. ஊசியும் நூலும் கைப்பிடி மணிகளும் போதும். இது நேற்றுத் தோன்றிய பொழுதுபோக்கும் அன்று. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், செவ்வந்திக்கல், படிகம் முதலிய மணிகள் கிடைத்தன. வேலை முடியாமல் பாதியில் நின்ற மணிகளும் அவற்றுள் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கையிலிருந்து கீழே வைத்த வேலை அது.

இன்று கோயில் தெருக்களில் அமர்ந்து பாசிமணி கோக்கும் நரிக்குறவர் பெண்கள் தாளில் வரைந்துகொண்டு தொடங்குவதில்லை. சிவப்புக்குப் பின் கறுப்பு, மூன்று மணிக்கு ஒரு வெள்ளை என்னும் கணக்கு அவர்களின் விரல்களிலேயே இருக்கிறது. அவர்களை வெறும் விற்பனையாளர் என எண்ணுவது பெரும்பிழை. எந்த மணிக்கு அருகில் எந்த மணி என முடிவு செய்வதே வடிவமைப்பு. அறுந்த மாலையின் மணிகளைப் பொறுக்கியெடுத்த குழந்தை, பழைய வரிசையை விட்டுப் புதிதாக ஒன்றைக் கோத்துப் பார்க்கும் வேளையில் அந்த வேலையைத்தான் தொடங்குகிறது.

சொற்பொருள்: திருமேனி – தெய்வச் சிலை, சூதுபவளம் – செந்நிற மணிக்கல், வாயில் – நுழையும் வழி.

செய்க: முப்பது மணிகளைக் கொண்டு ஒரு மாலை கோக்க. பின்னர் அதனைப் பிரித்து, அதே மணிகளால் வேறொரு மாலை கோக்க. இரண்டனுள் எது உமக்குப் பிடித்தது, ஏன் என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக. மாலையின் முடிச்சருகே உமது பெயரெழுதிய சிறு தாளைக் கட்டுக.