மலையில் கூடாரம் போட இடம் பார்ப்பது எப்படி? கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடியிலிருந்து மேற்கே கிளம்பினால் ஒரு பகலுக்குள் குற்றாலம், மேகமலை, கொடைக்கானல் என்று எந்த மலையடிவாரத்தையும் தொட்டுவிடலாம். நம் ஊர் இளைஞர்கள் பலர் இப்போது லாட்ஜ் தேடுவதை விட்டுவிட்டு, டென்ட்டைச் சுருட்டி பைக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எந்த டென்ட் வாங்கலாம் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள்கூட, அதை எங்கே போடுவது என்று யாரிடமும் கேட்பதில்லை. போன இடத்தில் எது கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதோ அங்கேயே முளை அடித்துவிடுகிறார்கள்.

இடம் பார்ப்பது என்றால், இராத்திரி அங்கே என்னென்ன வரக்கூடும் என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே கணித்துவிடுவது. தண்ணீர், மண், காற்று, நெருப்பு, விலங்கு ஆகிய ஐந்துக்கும் வழியில்லாத இடம்தான் படுக்கத் தகுந்த இடம். காட்சி அழகெல்லாம் அதற்கப்புறம்.

இந்தப் பழக்கம் நம் கரைக்குப் புதிதல்ல. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த நாட்களில் நினைத்தவுடன் யாரும் கடலில் குதித்துவிடவில்லை. முன்கூட்டியே கடலடியில் சிப்பி கிடக்கும் ஒவ்வொரு பாராகப் போய்ப் பார்த்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்துச் சோதித்து, முத்து தேறும் என்று தெரிந்த பிறகே சலாபம் அறிவிப்பார்கள். கரையில் ஓலைக் குடிசைகளால் ஒரு தற்காலிக ஊர் எழும்புவது அதற்குப் பிறகுதான். 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்கள் வரைக்கும் முதலில் சோதனை, பிறகு குடிசை என்பதே வரிசை. மலைக்கும் அதே வரிசைதான்.

படி 1: அனுமதி வாங்குங்கள், பருவம் பாருங்கள்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இராத் தங்குவது குற்றம். நமக்குப் பக்கத்து மலைகளில் பெரும்பகுதி புலிகள் காப்பகம். களக்காடு முண்டந்துறை 1988-லும், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021-லும் அறிவிக்கப்பட்டவை. ஆள் நடமாட்டமே இல்லாத நல்ல இடம் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் நுழையக் கூடாத இடமாகத்தான் இருக்கும்.

முதன்முறை போகிறவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலைப்பாதைகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் நடந்து, காடு எப்படி இருக்கும் என்று முதலில் கற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால், உரிய அனுமதி பெற்ற தனியார் முகாமில் டென்ட் போட்டுத் தங்கலாம். டென்ட் முகாம் என்று விளம்பரம் செய்யும் எல்லோரிடமும் அனுமதி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடைக்கானலுக்குப் போவதானால் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸும் தேவை.

அடுத்தது பருவம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்பதால் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை குளிர் இருந்தாலும் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். புதியவர்களுக்கு ஏற்ற காலம் அதுதான்.

படி 2: வீட்டிலேயே வரைபடத்தைப் பாருங்கள்

போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, போகப்போகும் இடத்தைச் சுற்றி ஓடைகள் எங்கிருந்து வருகின்றன, அருகில் ஊர் இருக்கிறதா, வண்டி வரும் சாலை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரு இடம் மட்டும் போதாது, மாற்றாக இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று இடம் கையில் இல்லாதவர்தான் மோசமான இடம் என்று தெரிந்தும் ‘இன்னைக்கு ஒரு ராத்திரிதானே’ என்று படுத்துவிடுகிறார்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் தூத்துக்குடியின் நிலையை மட்டும் பார்த்தால் பயனில்லை. மலை இருக்கும் மாவட்டத்தையும், மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் பயணம் வேண்டாம்.

படி 3: பொழுது இருக்கவே போய்ச் சேருங்கள்

கடற்கரையில் சூரியன் இறங்கும்வரை வெளிச்சம் இருக்கும். மலைப் பள்ளத்தாக்கில் அப்படியில்லை. மேற்கே உயர்ந்த மலை நின்றால் 4 மணிக்கே நிழல் விழுந்துவிடும், பின்னாலேயே மூடுபனியும் வரும். பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கீழே சொல்லும் சோதனைகளை எல்லாம் நிதானமாகச் செய்ய முடியும்.

படி 4: தண்ணீர் வரும் வழியை விட்டு விலகுங்கள்

ஓடைக்கரையில் மணல் திட்டாகச் சமதளமாக ஒரு இடம் இருக்கும். முளை அடிக்கச் சுலபம், தண்ணீர் பக்கத்தில், காதுக்கு இனிய சத்தம் வேறு. புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். அந்த மணலைச் சமப்படுத்தியதே வெள்ளம்தான்.

கரையோரப் புதர்களை உற்றுப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் கிளை இடுக்குகளில் காய்ந்த சருகும் சுள்ளியும் புல்லும் பின்னி, ஒரே திசையில் இழுபட்டுத் தொங்கும். தண்ணீர் போன முறை அந்த உயரத்துக்கு ஓடியிருக்கிறது. பாறையில் பாசியின் நிறம் மாறும் கோடும் அதையேதான் சொல்லும். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதே இல்லை. மேலே எங்கோ பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணியும் கரை மீறியபோது, தண்ணீருக்கு வழி விடாத இடங்கள் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்தோம். மலையில் அதே தண்ணீர் பல மடங்கு வேகத்தோடு வரும். ஓடைச் சத்தம் திடீரென்று கூடினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ டென்ட்டை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

படி 5: மண் நகரும் சரிவைக் கண்டுபிடியுங்கள்

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நம் மாவட்டத்துக் கயத்தாறு. லயங்கள் இருந்தது பள்ளத்தாக்கில், சரிவு தொடங்கியதோ வெகு தூரம் மேலே. வேலைக்காக அங்கே குடியிருந்தவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

செங்குத்தான சரிவின் அடியிலும், இரண்டு சரிவுகள் வந்து சேரும் மடிப்பிலும் கூடாரம் போடாதீர்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, அடிமரம் வளைந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கும் மரங்கள், இதுவரை ஈரமே இல்லாத இடத்தில் புதிதாகக் கசியும் ஊற்று, புதிதாக உருண்டு வந்து கிடக்கும் கற்கள் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டு விலகுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கனமழை பெய்த மலைக்குப் போகவே வேண்டாம்.

படி 6: காற்று, குளிர், தலைக்கு மேலே மரம்

வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் படி சுலபம். மலையில் கணவாயும் முகடும் காற்றின் பாதைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் கயத்தாறில் காற்றாலைகள் நிற்கின்றன. அப்படிப்பட்ட வாய்க்கு நேரே டென்ட் போட்டால் துணி கிழியும். முகட்டில் இடியும் மின்னலும் வேறு.

அதற்காகப் பள்ளத்தின் அடிக்கும் இறங்கக் கூடாது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அது தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். கொடைக்கானலில் ஏரிப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி படிவது இதனால்தான். முகட்டுக்குக் கீழே, பள்ளத்துக்கு மேலே, சரிவின் நடுவில் திண்ணை போல ஒரு சமதளம் கிடைத்தால் அதுதான் சரியான உயரம். வாசலைக் காற்று வரும் திசைக்கு மறுபுறமாக வையுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், நம் ஊர்ப் போர்வை 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் போதாது. நல்ல ஸ்லீப்பிங் பேக்கும், தரைக் குளிரைத் தடுக்கும் பாயும் கட்டாயம் வேண்டும்.

முளை அடிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளையோ, சாய்ந்து நிற்கும் காய்ந்த மரமோ இருந்தால் அதன் கீழே படுக்காதீர்கள். வெட்டவெளியில் தனியாக நிற்கும் உயர்ந்த மரமும் வேண்டாம், மின்னல் தேடி வருவது அதைத்தான்.

படி 7: நெருப்பைப் பற்றி யோசியுங்கள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்து உயர்ந்த புல், சரிவான நிலம், வீசும் காற்று மூன்றும் சேர்ந்தால் மனிதன் ஓடும் வேகம் போதாது. தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், மேலே இருக்கும் புல்லைத் தன் வெப்பத்தாலேயே முன்கூட்டிக் காய்ச்சிக்கொண்டு போகும். அந்தத் துயரத்துக்குப் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன.

ஆகவே காய்ந்த புல் சரிவின் மேற்பகுதியில் தங்காதீர்கள். சுற்றிலும் பாறையோ வெறும் மண்ணோ இருக்கும் இடம் நல்லது. காட்டில் விறகுத் தீ மூட்டவே வேண்டாம், வனத்துறையும் அனுமதிக்காது. முகாமில் சமையலுக்கென்று ஒதுக்கிய இடத்தை மட்டும் பயன்படுத்துங்கள். டென்ட்டுக்குள் அடுப்போ மெழுகுவர்த்தியோ கொசுவர்த்தியோ வைக்கக் கூடாது. துணி சில நொடிகளில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 8: விலங்கின் பாதையைப் படியுங்கள்

புல்லுக்கு நடுவே அகலமாக, நன்றாக மிதிபட்டு, சாலை போட்ட மாதிரி ஒரு தடம் போனால் யாரோ நடந்த வழி என்று சந்தோஷப்படாதீர்கள். யானைத்தடமாக இருக்கலாம். பக்கத்து மரங்களைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே பட்டையில் சேறு பூசி, உராய்ந்து வழுவழுப்பாக இருந்தால் யானை முதுகு தேய்த்த மரம். லத்தி ஈரமாகவும் சூடாகவும் கிடந்தால் அது இப்போதுதான் போயிருக்கிறது, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். மூங்கில் காடு, விலங்குகள் தண்ணீர் குடிக்க இறங்கும் துறை, பலா மரத்தடி மூன்றும் ஆகாது.

2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஒரு தங்குமிடத்தின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிறார்கள் என்பதாலேயே ஒரு இடம் பாதுகாப்பாகிவிடாது. சுற்றிலும் வேலி, விளக்கு, இரவுக் காவல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத் தொழிலாளியிடமோ வேட்டைத் தடுப்புக் காவலரிடமோ ‘அண்ணே, இந்தப் பக்கம் யானை, காட்டுமாடு எதுவும் இறங்குமா?’ என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அதுவே பதில்.

சாப்பாட்டுப் பொருளை, குறிப்பாகப் பழத்தையும் நம் ஊர்க் கருவாட்டையும், டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். வண்டிக்குள் பூட்டுங்கள். இரவில் வெளியே போக வேண்டியிருந்தால் டார்ச் இல்லாமல், துணையில்லாமல் போகக் கூடாது.

படி 9: கழிவுக்கும் இடம் பாருங்கள்

கழிப்பறை உள்ள முகாமே நல்லது. இல்லாத இடத்தில் ஓடையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, முடிந்ததும் மூடுங்கள். ஓடைக்குள் சோப்பு போட்டுக் குளிப்பதோ பாத்திரம் கழுவுவதோ வேண்டாம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிதான் புன்னைக்காயலில் கடலைச் சேருமுன் நம் வீட்டுக் குழாய்களுக்கும் வருகிறது. கொண்டுபோன பிளாஸ்டிக்கை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

படி 10: முளை அடிக்கும் முன் கால் மணி நேரம்

மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து இவற்றைச் சரிபாருங்கள்:

• மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?
• மேலே சரிவிலோ மரத்திலோ விழக்கூடியது ஏதாவது இருக்கிறதா?
• காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது?
• பக்கத்தில் காய்ந்த புல் இருக்கிறதா?
• தடம், லத்தி, உராய்ந்த மரம் கண்ணில் படுகிறதா?
• இருட்டில் ஓட வேண்டி வந்தால் எந்த வழி? அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்தாயிற்றா?
• போனில் சிக்னல் இருக்கிறதா? இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?

பிறகு டென்ட் விரிக்கும் இடத்தில் பாய் போட்டு ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கல்லும் வேரும் எங்கே குத்துகின்றன, தலை எந்தப் பக்கம் தாழ்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கட்டும். டென்ட்டை விரித்து மடக்கும் பழக்கத்தை ஊரிலேயே மொட்டை மாடியில் முடித்துவிடுங்கள்.

மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் அடுத்த இடத்துக்குப் போங்கள். அதுவும் சரியில்லை என்றால் கீழே இறங்கி லாட்ஜில் அறை எடுத்துப் படுங்கள். கூட வந்தவர்கள் கேலி செய்யலாம், முன்பணம் போகலாம், போகட்டும். உங்களை நம்பித் தம்பி தங்கைகளையும் நண்பர்களையும் அனுப்பிய வீடுகளுக்கு அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதைவிடப் பெரிய சாதனை எந்த உச்சியிலும் இல்லை.