மக்கள் இல்லம்

நுழையும்முன்

ஆட்சிகள் மறைந்தாலும் அவை எழுப்பிய கட்டடங்கள் மறைவதில்லை. அவற்றைக் காணச் செல்வோர் கண்டறிய வேண்டுவன யாவை? ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்ட் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

ருமேனியாவை 1965 முதல் 1989 வரை ஆண்டவர் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் நிக்கோலே சௌசெஸ்கு. 1977ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின்னர், தலைநகரின் நடுப்பகுதியைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க அவர் திட்டமிட்டார். அதற்காகப் பழைமையான குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, பல்லாயிரவர் வீடிழந்தனர். அந்நிலத்தில் 1984ஆம் ஆண்டு ஒரு பெருமாளிகையின் கட்டுமானம் தொடங்கியது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட அறைகளும் பளிங்குக் கூடங்களும் கொண்ட அம்மாளிகைக்கு வழங்கிய பெயர் ‘மக்கள் இல்லம்’. மக்களின் இல்லங்களை இடித்தே அது எழுந்தது.

அதே காலத்தில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப்பொருள்கள் ஏற்றுமதி செய்யப்பட்டன. ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் பங்கீட்டு முறை வந்தது. கடுங்குளிரிலும் வீடுகளுக்கு வெப்பமும் மின்சாரமும் குறைக்கப்பட்டன.

மாளிகைக்கு அருகே, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்னால் மிஹாய் வோடா என்னும் தேவாலயம் மறைந்து நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதனைக் காக்க விரும்பிய பொறியாளர்கள், 1985ஆம் ஆண்டு தண்டவாளங்களின்மீது அதனை ஏறத்தாழ 290 மீட்டர் தொலைவு நகர்த்தினர். அதனைச் சூழ்ந்திருந்த மடத்துக் கட்டடங்கள் இடிபட்டன.

நகரின் புரட்சிச் சதுக்கத்தில் கட்சித் தலைமையகத்தின் மாடமொன்று உள்ளது. 1989 டிசம்பர் 21 அன்று, ஆதரவு முழக்கம் எழுப்புவதற்கென்று திரட்டப்பட்ட கூட்டத்தின்முன் சௌசெஸ்கு அங்கிருந்து உரையாற்றினார். கூட்டத்திலிருந்து எதிர்ப்புக்குரல் எழுந்தது. அவர் திகைத்து நின்றதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. மறுநாள் அவர் ஹெலிகாப்டரில் தப்பியோடினார். டிசம்பர் 25 அன்று தர்கோவிஷ்டே நகரின் படைமுகாமில் அவசர விசாரணைக்குப்பின் மனைவியுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்முகாம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

அவர் மறைந்தபோது மாளிகை முற்றுப்பெறவில்லை. அதனை இடித்துவிட வேண்டும் என்றோரும் உண்டு. எனினும், மக்களாட்சியின் நாடாளுமன்றம் இன்று அங்கேயே கூடுகிறது, பார்வையாளர்களும் அனுமதிக்கப்படுகின்றனர். மாளிகையின் அளவு எவர் கண்ணுக்கும் புலப்படும். அதற்கு மக்கள் கொடுத்த விலையை அறிய, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள தேவாலயத்தையும் தேடிக் காண வேண்டும்.

கற்பவை கற்றபின்

கொடுங்கோலாட்சியின் கட்டடங்களை இடிப்பதா, காப்பதா என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.